ஆறு காலேஜுக்கும் ஒரே ஓலை

சேசு மரி சூசை

சூரியநெல்லி,
21-2-1959

பிரியமுள்ள மைத்துனன் சுவக்கீனுக்கு அத்தான் சூசையப்பன் ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உன் அக்காள் சந்தனமேரியும் கறவை மாடும் தேவ கிருபையால் சுகம். அவ்விடம் உன் சுகத்தைக் கேட்க வேண்டியதில்லை; தீயை வைத்துவிட்டு நீ சென்னைப் பட்டணத்தில் கடற்காற்று வாங்கிக்கொண்டிருக்கிறாய், எரிவது சூரியநெல்லியில்தானே. உன் மருமகள் அன்னமேரியின் சுகம் எனக்குத் தெரியாது. அவள் என்னோடு பேசி ஒரு வாரமாகிறது. ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில், நான் எதிரே பலகை போட்டு உட்கார்ந்திருக்கும்போதே, "அம்மா, அப்பாவுக்குக் குழம்பு வேணுமான்னு கேளு" என்கிறாள். உன் அக்காளும் என் பக்கம் திரும்பி, "குழம்பு வேணுமான்னு கேக்கா" என்கிறாள். முப்பது வருஷமாக எஸ்டேட் ஆபீசை நடத்துகிற ஹெட் கிளார்க்குக்குத் தன் வீட்டில் ஒரு கரண்டி குழம்பு வாங்க நடுவில் ஆள் தேவைப்படுகிறது. இதற்கு முழுக் காரணம் நீ.

போன மழைக்காலத்தில், "அன்னம் பி.எல். பாஸ் பண்ணிவிட்டாள், இது அவளுக்கு உதவும்" என்று எழுதி, பட்டணத்து அமெரிக்க வாசகசாலையில் வாங்கிய புத்தகக் கட்டு ஒன்றை அனுப்பினாயே, அதைச் சொல்கிறேன். எல்லாம் அமெரிக்கச் சட்டக் காலேஜுகள் தங்களைப் பற்றி அச்சடித்த புத்தகங்கள். ஒவ்வொன்றும் ஞானோபதேசப் புத்தகம் மாதிரி நாலு பங்கு கனம். தபால்காரன் பெரியமுத்து அதை மலை ஏற்றிக் கொண்டுவந்து போட்டுவிட்டு, "ஐயா, உள்ள அம்மிக்கல்லா?" என்று கேட்டான். அம்மிக்கல்லாக இருந்திருந்தால் மசாலாவாவது அரைத்திருக்கலாம். உனக்குத் தெரியாமலா இருக்கும், அந்தப் பெண் ஏற்கெனவே ஒரு மாதிரி கொதித்துக்கொண்டிருந்தாள். இங்கே மேல் லைனில் செபமாலையம்மாள் என்று தேயிலைக் கொழுந்து கிள்ளுகிற ஒருத்தி. புருஷன் செத்தான். புருஷன் பேரில் இருந்த லைன் வீட்டைக் காலி பண்ண வேண்டும் என்று துரை சொன்னார். அன்னம் நேரே ஆபீசுக்கு வந்து, என் கண்ணெதிரே, துரையோடு வாதாடினாள். துரை நல்ல மனுஷர், கோபிக்கவில்லை. "சட்டத்தில் எங்கே இருக்கு, காட்டு" என்று மட்டும் சொன்னார். இவளுக்குக் காட்டத் தெரியவில்லை. அன்றைக்குப் பிடித்தது இந்தப் பைத்தியம். தொழிலாளர் சட்டத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு வந்து காட்டுவேன் என்று நிற்கிறாள். அந்த நேரம் பார்த்து உன் கட்டு வந்து சேருகிறது!

படிக்க வேண்டுமென்றால் லண்டனுக்குப் போகிறதுதானே, நம் வக்கீல்மார் எல்லாம் அங்கேதானே போனார்கள் என்று கேட்டேன். "லண்டன் இந்தக் கம்பெனிக்காரங்க ஊருப்பா. அவுக ஊட்டுல போயிப் படிச்சிட்டு வந்து அவுக மேலயே கேஸ் போடுதது மரியாதை இல்ல" என்கிறாள். அமெரிக்காவில் படித்துவிட்டு வந்து, எனக்குச் சம்பளம் கொடுக்கிற துரை மேல் கேஸ் போடுவது மட்டும் மரியாதையோ? அவள் புத்தகத்தைப் புரட்டுகிறாள். அவள் புரட்டின புரட்டில் எங்கள் சாப்பாட்டு மேசை போயிற்று, கட்டில் போயிற்று, மாட்டுத் தீவனப் பெட்டியின் மூடிகூடப் போயிற்று. நம் பி.எல்.லை மதிக்காத காலேஜ் வேண்டாமாம். வெளிநாட்டுப் பிள்ளைகளைத் தனி வகுப்பில் தள்ளி வைக்கிற காலேஜ் வேண்டாமாம். தொழிலாளர் சட்டம் சொல்லித்தர ஆள் இல்லாத காலேஜ் எத்தனை பெரிய காலேஜானாலும் வேண்டாமாம். நான் பொறுமையாக மூன்றே விஷயம் கேட்டேன்: நடந்து போகிற தூரத்தில் கோயில் உண்டா, பனிக்கட்டி விழுமா, சோறு கிடைக்குமா. இவ்வளவு தடித்த புத்தகங்களில் இந்த மூன்றுக்கும் பதில் கிடையாது. ஒரு காலேஜ் தன் மரங்களைப் பற்றி மட்டும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறது. மரம் பார்க்கவா அமெரிக்கா போக வேண்டும், சுவக்கீன்?

இடம் கேட்டுக் காலேஜுக்கு அனுப்புகிற அபேட்சைக் காகிதத்தில், பிறந்த ராஜ்யம் எது என்று ஒரு கேள்வி. அவள் பிறந்தபோது இந்த மலை திருவிதாங்கூர், பள்ளிக்கூடம் முடித்தபோது திருக்கொச்சி, இப்போது கேரளம். மூன்றையும் எழுதியிருக்கிறாள். ஊர் ஊராய்த் துரத்தப்பட்ட குடும்பம் என்று அந்த அமெரிக்கன் நினைத்துக்கொள்ள மாட்டானா? நாங்கள் வீட்டை ஒரு அடிகூட நகர்த்தவில்லையே!

இதற்கு நடுவில் உன் அக்காளும் காலேஜ் பொறுக்க இறங்கினாள். அவளுக்குத் தெரிந்த ஒரே வழி கோயிலில் படம் மாட்டியிருக்கிற அர்ச்சியசிஷ்டர்களின் பெயர். தேசப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு அன்னத்தை வாசிக்கச் சொன்னாள். சான் அந்தோனியோ என்று ஒரு ஊர் வந்ததும், "அந்தோனியாருக்கு நேர்ச்சை பாக்கி இருக்கு, அங்கயே போடு" என்றாள். அந்த ஊர்ப் புத்தகத்தை நீ அனுப்பவில்லை. உனக்கு ஒரு அந்தோனியார் புத்தகம் கிடைக்கவில்லையா? மாதா பெயரில் ஒரு காலேஜ் இருந்தது, அதில் பெண்பிள்ளைகளைச் சேர்ப்பதில்லையாம். மாதாவின் பெயரை வாசலில் எழுதிவிட்டு உள்ளே ஒரு பெண்ணும் வரக்கூடாது என்றால் அந்தத் தாயார் எங்கே போய் நிற்பாள்? உன் அக்காள் அன்றைக்கு முழுக்க அந்த ஊர்க்காரர்களைத் திட்டிக்கொண்டே மாடு கறந்தாள்.

அப்போதுதான் அந்தப் பெயர் வந்தது. அன்னம் ஒரு புத்தகத்தைப் பார்த்து, "மாசச்சூசெட்ஸ்" என்று வாசித்தாள். அரிசி களைந்துகொண்டிருந்த உன் அக்காள் கையை உதறிக்கொண்டு ஓடிவந்தாள்.

"என்னட்டி சொன்ன? திரும்பச் சொல்லு."

"மாசச்சூசெட்ஸ்."

"கேட்டீங்களா? மாசம், சூசை! சூசையப்பர் மாசத்தையே ஒரு ஊருக்குப் பேரா வச்சிருக்காக. நாம மார்ச்சு மாசம் மட்டும் வணக்கமாசம் கொண்டாடுதோம், அவுக வருசம் பூராவும் கொண்டாடுதாக!"

கடைசியில் வருகிற 'ட்ஸ்' என்னவென்று நான் கேட்டேன். "அது வெள்ளக்காரன் வாயில வந்த கோளாறு" என்றாள். அது அந்நாட்டுப் பழங்குடிகளின் பாஷையில் ஒரு மலையின் பெயர் என்று அன்னம் படித்துப் படித்துச் சொன்னாள். "அந்த மலையிலதான் அவுகளுக்குக் காட்சி குடுத்திருப்பாரு" என்று உன் அக்காள் முடித்துவிட்டாள். என் பெயரும் சூசையப்பன் ஆகையால் என்னால் எதிர்த்துப் பேச முடியவில்லை. அந்த ராஜ்யத்தில் பாஸ்டன் பட்டணத்தில் ஒரு காலேஜ். அதில் தொழிலாளர் சட்டத்துக்கு நல்ல வாத்தியார் இருக்கிறாராம். தாயும் மகளும் வேறு வேறு வழியில் போய் ஒரே இடத்தில் சந்தித்துக்கொண்டார்கள். வீட்டில் சமாதானம் வந்தது என்று நானும் நம்பினேன்.

நற்சாட்சிக் கடிதம் வேண்டுமென்று துரையிடம் போனேன். அவர் நல்லதாகவே எழுதிக் கொடுத்தார். இந்தப் பெண்ணோடு வாதாடி நான் ஜெயித்ததில்லை என்று எழுதியிருந்தார். எந்த ஊர் என்று கேட்டார். பாஸ்டன் என்றேன். பைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். "சூசை, அது ரொம்ப மோசமான ஊரு. கப்பல்ல வந்த தேயிலையெல்லாம் கடல்ல கொட்டின ஆளுங்க" என்றார்.

சுவக்கீன், நீ துறைமுகத்தில் வேலை பார்க்கிறவன், ஒரு மூட்டை தண்ணீரில் விழுந்தால் எத்தனை பேர் பதில் சொல்ல வேண்டும் என்று உனக்குத் தெரியும். இவர்கள் பெட்டி பெட்டியாக, வேண்டுமென்றே, வேஷம் போட்டுக்கொண்டு போய்க் கொட்டியிருக்கிறார்கள். அதைப் பள்ளிக்கூடத்தில் பாடமாக வைத்துப் பெருமைப்படுகிறார்களாம். இங்கே முற்றல் இலை ஒன்று கூடையில் கிடந்தாலும் கங்காணி தொண்டை கிழியக் கத்துகிறான். வாட்டி, உருட்டி, வறுத்து, சலித்துப் பெட்டியில் போட்டு ஆணி அறைகிறோம். அதை மீனுக்குப் போடவா? வீட்டுக்கு வந்ததும், "பாஸ்டன் வேண்டாம், வேறே ஊர் பார்" என்று சொல்லிவிட்டேன்.

"அது வரிக்கு எதிரா பண்ணுனதுப்பா. அவுக சுதந்திரப் போராட்டம்" என்றாள்.

"நம்ம ஊர்லயும் உப்புக்கு வரி போட்டான். கடல்ல இருந்து உப்பை எடுத்தாங்களா, கொண்டுபோய்க் கொட்டினாங்களா?"

"அது சீனாத் தேயிலைப்பா. அப்போ இந்த மலையில யானைதான் இருந்துச்சு, எஸ்டேட்டே கிடையாது."

"எந்த ஊர்த் தேயிலையா இருந்தா என்னட்டி? எவளோ ஒரு பொம்பள முதுகு ஒடியக் கிள்ளுனதுதான?"

"அதத்தான் நானும் சொல்லுதேன்" என்றாள். அவள் என்ன சொல்லுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. பாஸ்டனுக்கும் அபேட்சை போட்டுவிட்டாள்.

பாஸ்டனுக்கும் என்று எழுதினேனா? அங்கேதான் விஷயம் இருக்கிறது. அவள் மொத்தம் ஆறு காலேஜுக்கு அபேட்சை போட்டிருக்கிறாள்! ஒரே பெண், ஒரே சமயத்தில், ஆறு காலேஜ். என்ன இது என்று கேட்டால், எல்லாரும் அப்படித்தான் போடுவார்களாம். "ரெண்டு எட்டாக்கொம்புப்பா. ரெண்டு எம்பினா எட்டும். ரெண்டு கைக்குள்ள இருக்கு. மேல உள்ளது கிடைக்கலைன்னா கீழ உள்ளதுக்குப் போவலாம்" என்று விளக்கம் வேறே. கைக்குள் இருக்கிற அந்த இரண்டு காலேஜுகளுக்கும் தாங்கள் கைக்குள் இருப்பது தெரியுமா? தெரியாது. பாவம், இந்தப் பெண் நம்மைத்தான் நம்பி அபேட்சை போட்டிருக்கிறாள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நம் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிக்கிறார்களே, இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம், தடை தெரிந்தவர்கள் சொல்லாமலிருந்தால் பாவம் என்று. ஒரே பையனுக்கு ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஆறு பெண்களோடு ஓலை வாசித்தால் கோயிலில் கூரை மிஞ்சுமா? எனக்குத் தடை தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தால் பாவம் யார் தலையில்?

ஆகையால் முறைப்படி நானே ஒரு ஓலை அனுப்பினேன். ஆபீஸ் டைப்ரைட்டரில், நல்ல காகிதத்தில், கார்பன் வைத்து, ஆறு பேருக்கும் ஒரே கடிதம். "ஐயா, தங்கள் மேலான காலேஜுக்கு மனுச் செய்திருக்கும் என் மகள் அன்னமேரி இன்னும் ஐந்து காலேஜுகளுக்கும் மனுச் செய்திருக்கிறாள் என்பதைத் தாழ்மையுடன் தங்கள் சமுகத்துக்குக் கொண்டுவருகிறேன். இதில் யாருக்கேனும் தடை உண்டானால் தெரிவிக்கவும்." இதில் என்ன குற்றம்? எங்கள் ஆபீஸ் பழக்கம் உனக்குத் தெரியும், ஒரு கடிதம் யார் யாருக்குப் போகிறதோ அவர்கள் பெயரையெல்லாம் அடியில் 'நகல்' என்று வரிசையாகப் போட்டாக வேண்டும். போடாவிட்டால் துரை கையெழுத்து வைக்க மாட்டார். போட்டேன். வரிசையும் தப்பக்கூடாது என்று அன்னம் சொன்ன வரிசையிலேயே போட்டு, யார் எந்த ரகம் என்று பக்கத்திலேயே குறித்தேன். எட்டாக்கொம்புக்கு 'அவுட் ஆஃப் ரீச்'. கைக்குள் இருக்கிறதுக்கு 'ஸ்டாக் இன் ஹேண்ட்'. உரக் கிடங்கில் இருப்புக்கு நாங்கள் அப்படித்தான் போடுவது. பாஸ்டனுக்கு மட்டும் தனியாக ஒரு பத்தி சேர்த்தேன்: தேயிலை விஷயமாகத் தங்கள் ஊரார் இதுவரை என்ன பரிகாரம் செய்திருக்கிறார்கள் என்று அறியத் தரவும்.

போன சனிக்கிழமை பெரியமுத்து ஒரு தபால் கொண்டுவந்தான். கைக்குள் இருக்கிற காலேஜுகளில் ஒன்று. அன்னம் வாசலில் நின்றே பிரித்தாள். எங்களைக் கையிருப்பில் வைத்திருப்பதற்கு நன்றி, ஆனால் இவ்வருஷம் எங்களிடம் கையிருப்பில் இடமில்லை என்று எழுதியிருந்தார்கள்.

"அப்பா, கையிருப்புன்னு அவுகளுக்கு யாரு சொன்னது?"

"நான்தான்" என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். கார்பன் பிரதியையும் எடுத்துக் காட்டினேன்.

அவள் வாசித்தாள். நகல் வரிசை வரைக்கும் வாசித்தாள். பிறகு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன், சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், ஒன்றும் செய்யவில்லை. "இனி ஒருத்தனும் என்னை எடுக்க மாட்டான். செபமாலையக்கா கிட்ட நான் என்ன சொல்லுதது?" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். இந்த வாரத்துக்குள் கைக்குள் இருந்த இன்னொரு காலேஜும் இடமில்லை என்று எழுதிவிட்டது. உன் அக்காளும் சேர்ந்துகொண்டு, "உங்க ஆபீஸ் புத்திய அடுப்புல வைக்க" என்கிறாள். உண்மையைச் சொன்னவனுக்கு வீட்டில் கிடைக்கிற மரியாதை இது!

சரி, நடந்தது நல்லதுக்கே என்று நான் சொல்லுகிறேன். அவளுக்கு இடம் கிடைக்க வேண்டாம் என்றா நான் எழுதினேன்? இல்லை. ஆனால் கிடைக்காமல் போனால் நான் ஒப்பாரி வைக்கப் போவதுமில்லை. எங்களுக்கு இருப்பது ஒரே பிள்ளை. அவள் எர்ணாகுளத்தில் படித்த வருஷங்களில் இந்த வீட்டில் நானும் உன் அக்காளும் பேச விஷயமில்லாமல் மாட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். இப்போது கடலுக்கு அந்தப் பக்கம் என்றால்? அங்கே காய்ச்சல் வந்து படுத்தால் கஞ்சி வைக்க ஆள் உண்டா? எனக்கு ஒன்று ஆனால் தந்தி போய்ச் சேருவதற்குள் மண் போட்டிருப்பார்கள். பயமாக இருக்கிறது சுவக்கீன், உன்னிடம் சொல்வதற்கென்ன. ஆகவே நீ செய்ய வேண்டியது இது: நீ சொன்னால் அவள் கேட்பாள். அமெரிக்கா சரிப்படாது, சென்னையிலேயே படி என்று அவளுக்கு உடனே எழுது. போடியில் நமக்குத் தெரிந்த குடும்பத்தில் ஹைஸ்கூல் வாத்தியார் ஒருவர் இருக்கிறார், நல்ல பையன், எதிர்த்துப் பேச மாட்டானாம். அவர்கள் வீட்டுக்கும் சம்பந்தம் கேட்டு ஒரு வரி போடு. இனிமேல் புத்தகம் என்று ஒரு காகிதமும் இந்த மலைக்கு அனுப்பாதே. அனுப்பினால் பெரியமுத்துவிடம் சொல்லி அடிவாரத்திலேயே திருப்பிவிடுவேன்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் முத்தங்கள். ஆரோக்கியமாதா உங்களைக் கடல் காய்ச்சலிலிருந்தும், அர்ச். சூசையப்பர் உன்னை உன் யோசனைகளிலிருந்தும் காப்பாற்றுவார்களாக.

இப்படிக்கு,
உன் அத்தான்,
சூ. சூசையப்பன்,
ஹெட் கிளார்க்

பி.கு.: மேலே எழுதியதெல்லாம் தள்ளுபடி. போடிக்கு எழுதாதே, எழுதிவிட்டால் மன்னிப்புக் கேட்டு இன்னொன்று எழுது. உறை ஒட்டும் நேரத்தில் பெரியமுத்து பாஸ்டனிலிருந்து தபால் கொண்டுவந்தான். லைன் வீட்டைப் பற்றி அன்னம் அபேட்சையில் எழுதியிருந்ததை வாசித்து மெச்சி, இடமும் கொடுத்து, படிப்புச் செலவும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். நான் எழுதியதற்கு ஒரு வரி பதில் இல்லை. தேயிலையைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லை! உன் அக்காள் முழங்காலில் விழுந்தவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. அன்னம் சம்மதக் காகிதத்தை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள். "அப்பா, நீங்க சொன்னாத்தான் போவேன்" என்றாள். ஒரு வாரத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசுகிறாள். நான் காகிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். ஞானஸ்நானத்திலிருந்து பி.எல். வரைக்கும் இந்தப் பிள்ளையின் காகிதம் எதுவானாலும் தகப்பன் கையெழுத்துக்கு ஒரு கோடு உண்டு. "எங்கட்டி நான் போடுற இடம்?" என்று கேட்டேன். "இதுல இல்லப்பா. நான் மட்டும்தான்" என்றாள். இது என்ன அக்கிரமம்! பெற்று வளர்த்தவனை ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு பெண்பிள்ளையைக் கடல் தாண்டிக் கூப்பிடுகிற காலேஜ், சட்டம் சொல்லித்தருகிற காலேஜா என்று நான் சத்தம் போட்டேன். முழுக்கப் போட்டு முடிக்கும் வரைக்கும் நின்றாள். பிறகு என் மேசையிலிருந்து ரூல்தடியை எடுத்து, தன் கையெழுத்துக்கு அடியில் தானே ஒரு கோடு போட்டு, "இங்க போடுங்கப்பா" என்றாள். போட்டுவிட்டேன். கையெழுத்து கோட்டை விட்டு இறங்கிப்போய் என்னுடையது மாதிரி இல்லை. அதனால் ஆபீஸ் முத்திரையும் வைத்திருக்கிறேன்.